கொளஞ்சி கேட்ட சத்தியம்

எங்கள் ஊரில் நடந்த அந்தக் கொலைக்கு முதல் குற்றவாளியாகச் சொல்லப்பட்டது ஒரு முனி. கிராம முனுசீப்பில் தொடங்கி டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் போலீஸிடம் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: முந்திரிக்காட்டில் கொளஞ்சியை முனி அடித்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க, அந்த முனிக்கு அப்பா பேரு என்ன? எந்தத் தெரு?" என்றாராம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஊர்க்கோடி ஆலமரம் என்று ஒரு பெரியவர் உண்மையாகவே விலாசம் சொல்லியிருக்கிறார்.

எழுபதுகளின் கடைசி அது. உடையார்பாளையத்துக்கும் அரியலூருக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கிச் செம்மண் பாதையில் வெகுதூரம் நடக்கவேண்டிய ஊர். எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. கொலை என்றால் என்னவென்று தெரியும், கோழியைக் கொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தெரிந்த மனிதரைத் தெரிந்த மனிதர்கள் கொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கொளஞ்சி எங்கள் முந்திரிக்காட்டுக்குக் காவல்காரர். காலனிக்காரர். என் அப்பாவைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் பால்பல் விழாத பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லி "வா, போ" என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களை "பாப்பா, வாங்க" என்பார். இப்போது நான் மரியாதை வைத்து எழுதுவதால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவருக்குப் பச்சிலை தெரியும். தேள் கொட்டினால், பூரான் கடித்தால், குழந்தை வீறிட்டு அழுதால், ஊரே அவரைத்தான் தேடும். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துக் காப்பாற்றியவர் அவர்தான். வேப்பிலையால் தடவி முணுமுணுவென்று ஏதோ சொல்வார். என்ன மந்திரம் என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "மந்திரமா? 'பாப்பாவ விட்ரு, பாப்பாவ விட்ரு'ன்னு கெஞ்சறேன், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கெஞ்சலைத்தான் ஊர் மந்திரம் என்று நம்பியது. நம்பினால் அதோடு நிற்குமா? சூனியம் எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கத் தெரியாதா என்று அடுத்த கேள்வி வரும். உடம்புக்கு வந்தால் அவரிடம் போவதும், ஏன் வந்தது என்று யோசித்தால் அவரைச் சந்தேகப்படுவதுமாக எங்கள் ஊர் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் சித்தப்பாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு பிறந்த தலைச்சன். சித்தி தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு வந்து இறங்கியபோது, அம்மா ஆரத்தி எடுத்ததும் நான் அந்தக் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்ததும் நன்றாக நினைவிருக்கிறது. தாய்வீட்டுச் சீராக ஒரு வெள்ளிப் பாலாடை வந்திருந்தது. மூக்கு நீண்ட குட்டிக் கிண்ணம், குழந்தைக்கு மருந்தும் பாலும் புகட்ட. அதன் அடியில் சித்தியின் பிறந்த வீட்டு இனிஷியலை ஆசாரி பொறித்திருந்தார். வந்து வெகுநாள் ஆகவில்லை, குழந்தைக்கு ஜன்னி கண்டது. கொளஞ்சியின் பச்சிலைக்கும் கேட்கவில்லை, அரியலூர் டாக்டரின் ஊசிக்கும் கேட்கவில்லை.

தலைச்சன் ஆண்பிள்ளை செத்தால் எங்கள் பக்கத்தில் துக்கத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொள்ளும். அந்த மண்டையோட்டைத் தோண்டி எடுத்து மை செய்வார்கள், அந்த மையை வைத்துச் சூனியம் வைப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அதனால் சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். எங்கள் முந்திரிக்காட்டுக்குள்ளேயே ஒரு மரத்தடியில், யாருக்கும் சொல்லாமல் புதைத்து, மேலே கருவமுள்ளை வெட்டிப் போட்டார்கள். இடம் தெரிந்தவர்கள் அப்பா, சித்தப்பா, அவர்களின் பங்காளிகள் இரண்டு பேர். அப்புறம் கொளஞ்சி. காவல் காக்க ஓர் ஆள் வேண்டுமே.

பெற்றவளுக்கு இடத்தைக் காட்டவில்லை. தாயின் கால் அந்த மண்ணில் பட்டால் செத்த பிள்ளை பின்னாலேயே வந்துவிடும், அடுத்த கரு தங்காது என்றார்கள். சித்தி உள் அறையில் கிடந்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. அம்மா மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பிள்ளை இல்லாத தாய்ப்பாலை யாரும் மிதிக்காத இடத்தில், எருக்கஞ்செடித் தூரில் பீச்சிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். விடியற்காலையில் சித்தி எழுந்து கொல்லைப்புறம் போவாள். திரும்பி வரும்போது ரவிக்கை நனைந்திருக்கும். அந்த நேரத்துக்குத்தான் கொளஞ்சியும் காவல் முடிந்து கூழ் வாங்கிக் குடிக்கக் கொல்லைப்புறத்துக்கு வருவார். அதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. உழவு மாடு ஒன்று நுரை தள்ளிச் செத்தது. காட்டில் முந்திரிப் பூ கருகிக் கொட்டியது. சித்தி சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பனம்பழம் தன் தலைமேல் விழுந்தவனிடம் போய் அதைச் சொல்ல முடியாது. பங்காளிகள் சித்தப்பாவைப் பெரம்பலூர் பக்கம் ஒரு குறிகாரரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைச்சன் மண்ணில் ஒருத்தன் கை வைத்துவிட்டான், உன் வீட்டுப் பொருள் ஒன்று அவனிடம் இருக்கிறது, தேடிப் பார் என்று குறிகாரர் சொல்லிவிட்டார். குழந்தை செத்துப்போய், மாடும் செத்து, பக்கத்தில் இரண்டு பங்காளிகளோடு வந்து நிற்பவரிடம் இதைச் சொல்லக் குறி எதற்கு?

அன்று சாயங்காலம் மூன்று பேரும் காவல் குடிசையில் புகுந்து தேடினார்கள். கூரைச் செருகலில், துணியில் பத்திரமாகச் சுற்றி, அந்த வெள்ளிப் பாலாடை இருந்தது.

சித்தப்பா விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். நேராகக் கிணற்றடிக்குப் போய், வேட்டியோடு, வாளி வாளியாக இறைத்து ஊற்றிக்கொண்டார். சாவுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் அப்படித்தான் குளிப்பார்கள் என்பதால் யார் செத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

மறுநாள் காலையில் கொளஞ்சியை அந்த மரத்தடியில், முள் போட்ட மேட்டுக்குப் பக்கத்தில் பார்த்தார்கள்.

போலீஸ் வந்தது. ஜீப் வந்தது. திருச்சியிலிருந்து நாய்கூட வந்தது. போலீஸ் நாயைப் பார்க்க ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டுத் திரண்டதைச் சொல்லவேண்டும். கொளஞ்சியின் சாவுக்கு வராத கூட்டம் நாய்க்கு வந்தது. அது காட்டுக்குள் மோந்து பார்த்துவிட்டு, பாதையைப் பிடித்து, ஊருக்குள் நுழைந்து, எங்கள் வீட்டுக் கழனித்தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வாசலில் படுத்துக்கொண்டது. "நாய்க்குத் தாகங்க" என்று முனுசீப் விளக்கம் சொன்னார். எங்கள் வீட்டைத் தாண்டி இன்னும் எத்தனையோ தொட்டிகள் இருக்கின்றன என்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வாசலைப் பார்த்தபடிதான் ஜீப்பை நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே கவலை, சித்தப்பா தூக்குமேடைக்குப் போய்விடக் கூடாது. காலனியில் வேறொரு கவலை. கொளஞ்சிக்கு ஒரே மகள், புருஷனை இழந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அப்பன் வீட்டில் இருந்தாள். செத்தவன் சூனியக்காரன் என்று ஊர் முடிவு செய்துவிட்டதால் பிணத்தைத் தூக்கக்கூட ஆள் வரவில்லை. அவளும் வெளியூரிலிருந்து வந்த தாய்மாமனுமாகத்தான் அடக்கம் செய்தார்கள். சூனியக்காரன் ரத்தம் ஊரில் இருக்கக்கூடாது, அமாவாசைக்குள் குடிசையைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் கொளுத்திவிடுவோம் என்று ஊரில் பேசி முடித்திருந்தார்கள்.

அவள் எங்கள் கொல்லைப்புற வேலிக்கு வெளியே வந்து நின்றாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

"ஆயி, கொன்னவங்க யாருன்னு நான் கேக்க வரல ஆயி. போன உசுரு போயிருச்சு. எங்கப்பன் சூனியம் வெக்கலன்னு ஊருல ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. இந்தப் புள்ளைவள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

அம்மா அவள் முந்தானையில் அரிசியைக் கொட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் சித்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு மறுநாள்தான் இன்ஸ்பெக்டர் பாலாடையோடு எங்கள் கூடத்துக்கு வந்தார். பிணத்துக்குப் பக்கத்தில் முள்ளுக்குள் கிடந்ததாம். அடியிலிருந்த எழுத்தை அப்பாவிடம் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். வீட்டில் களவு போன சாமான், அந்தக் காவல்காரன்தான் எடுத்திருப்பான் என்று அப்பா பதில் வைத்திருந்தார். அந்தப் பதிலை அவர் சொல்லி முடிக்கும் முன்னால் சித்தி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். தலை முடியாமல் கிடந்தது. சேலை நழுவியது. ஆண்கள் இருக்கிற கூடத்துக்கு அவள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"யாரும் திருடல. நான்தான் குடுத்தேன்" என்றாள். "எம் புள்ளைக்குப் பாலு. எருக்கஞ்செடிக்கு ஊத்த எனக்கு மனசு வரல. என்னைய அந்தப் பக்கமே விடமாட்டேன்னுட்டாங்க. விடியக்காலம் கொளஞ்சி வரும், வாங்கிட்டுப் போயி புள்ள மேல ஊத்தும். யாருகிட்டயும் சொல்லாதன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். வேற ஒரு பாவமும் அதுக்குத் தெரியாது."

பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பி, "என்னையக் கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

அந்தக் கூடம் இருந்த நிலையை என்னவென்று சொல்வது. சித்தப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் அழப்போகிற பிள்ளையின் முகமாகிவிட்டது. அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பிள்ளைக்குப் பால் ஊற்றிய கையைத்தான் அடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. இதை நான் இப்போது எழுதும்போது எனக்கு அவர்மேல் இரக்கம் வருகிறது, வரக்கூடாது என்று நினைத்தாலும் வருகிறது.

அப்பாதான் முதலில் சமாளித்துக்கொண்டார். எங்கள் வீட்டிலேயே புத்திசாலி அவர்தான், அந்தப் புத்தியை அன்றைக்குப் போல என்றைக்கும் அவர் பயன்படுத்தியதில்லை.

"சார், பாத்தீங்களா? இது இவ பேசலீங்க. செத்தவன் உள்ள பூந்துக்கிட்டுப் பேசறான்."

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சட்டென்று இரண்டடி பின்வாங்கினார். "யோவ், நீ எதுக்குய்யா நகர்ற?" என்று இன்ஸ்பெக்டர் அவரை அதட்டினார். ஆனால் அதற்குள் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அய்யோ என்றார்கள். நானும் பயந்துபோய்த் தூணுக்குப் பின்னால் ஓடினேன். சித்தியின் தலைவிரிகோலத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அவள் மூச்சுவிடாமல் "நான்தான், நான்தான் பேசறேன்" என்று சொல்லச் சொல்ல, அது அவள் இல்லை என்பது எங்களுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் அல்லவா, அந்த மாதிரி.

மனசு தெளிந்ததும் எழுதி வாங்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். அவர் திரும்பி வருவதற்குள் சித்தியைத் தெளிய வைத்துவிட வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். சித்தியின் தாய்வீட்டிலிருந்தும் வந்தார்கள். பெண்ணைப் பெற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அமாவாசை உச்சிப்பொழுதுக்குப் பேயோட்டும் கோயிலுக்குப் போனோம். ஊரிலிருந்து பாதி ஜனம் பின்னாலேயே வந்தது. வயசுக்கு வராத பெண்பிள்ளை ஒன்று மஞ்சள் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பூசாரி சொல்லியிருந்ததால் என்னைக் கூட்டிப் போனார்கள். கோயிலுக்கு எதிரே ஒரு பெரிய புளியமரம். அடிமரம் முழுக்க ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்து முடி. பேய் பிடித்தவர்களின் உச்சிமுடியை மரத்தில் அறைந்து அறுத்துவிடுவார்கள், பேய் மரத்தோடு தங்கிவிடும். அத்தனையும் பெண்களின் முடி, நீளமான முடி.

உடுக்கை அடிக்கத் தொடங்கினார்கள். சித்தியை நடுவில் உட்கார வைத்து, பூசாரி வேப்பங்குழையை ஓங்கிக்கொண்டு கேட்டார்.

"யார்ரா நீ? பேரச் சொல்லு!"

சித்தி தன் பெயரைச் சொன்னாள். குழை முதுகில் விழுந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் தன் பெயரைச் சொன்னாள், இன்னாருடைய பெண்டாட்டி என்றாள், எனக்கு ஒன்றுமில்லை என்றாள். குழை முறிந்தது. சாட்டையை எடுத்தார்கள். அந்தச் சாட்டை விழுந்த ஒவ்வொரு தடவையும் என் செம்பிலிருந்து தண்ணீர் சிந்தியது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவ மேல விழலடி, அவனுக்குத்தான் வலிக்கும்" என்று காதில் சொன்னார். நான் அதை நம்பினேன். நம்பியதால்தான் அங்கே நிற்க முடிந்தது.

எத்தனை அடிக்குப் பிறகென்று தெரியாது, சித்தி தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். காலனிக்காரர்கள் கோயில் எல்லைக்குள் வரமுடியாது. தூரத்தில், பாதைக்கு அந்தப் பக்கம் கொளஞ்சியின் மகள் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. அன்றுதான் அவளுக்குக் கெடு. சித்தி அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். குரல் கனத்து வந்தது.

"கொளஞ்சி."

கூட்டம் அப்பாடா என்று மூச்சு விட்டது. உடுக்கை நின்றது.

"ஏண்டா இவளப் புடிச்ச?"

"நான் புடிக்கலீங்க. பாலு வாங்க வந்தேன். சின்னாயி குடுத்தாங்க. புள்ள வாயில ஊத்துற மாதிரி மெதுவா ஊத்திட்டு வருவேன். வேற ஒண்ணும் பண்ணலீங்க. சின்னய்யா வந்து பாலாட ஏதுன்னு கேட்டாரு. நான் சொல்லல. சொன்னா சின்னாயி ஒடம்புல இருக்கற பாதி உசுரும் போயிரும். அடிச்சாங்க. மூணு பேரும் அடிச்சாங்க."

மூன்று பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னது அந்தக் குரல். சித்தப்பாவைச் சின்னய்யா என்றது, பங்காளிகள் இருவரின் பேரையும் சொன்னது. மூன்று பேரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள். பால் கொடுத்த கதை, கூடத்தில் வைத்துச் சித்தி சொன்னபோது ஒருவர்கூட நம்பாத அதே விஷயம்தான். சொன்னவள் உயிரோடிருந்ததுதான் அப்போது இடித்தது. செத்தவன் சொல்கிறான் என்றதும் ஊர் கைகட்டிக் கேட்டது.

பூசாரி வழக்கமான கேள்விக்கு வந்தார். "போறதுக்கு என்ன வேணும்? கோழியா? சாராயமா? சுருட்டா?"

"எம் மவ இருந்த எடத்துலயே இருக்கணும். அவ குடிசை மேல யாரும் கை வெக்கக்கூடாது. நான் சூனியக்காரன் இல்லன்னு சின்னய்யா சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணணும். ஊரும் பண்ணணும். இல்லாட்டி நான் போமாட்டேன். ஒவ்வொரு வூடா வருவேன்."

ஒவ்வொரு வீடாக வருவேன் என்றதும் கூட்டத்தில் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். முனுசீப்தான் முதலில் முன்னால் வந்தார். பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். சித்தப்பா எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, "கொளஞ்சி சூனியம் வெக்கல" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பங்காளிகள் அணைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக அணைத்தார்கள். பாதைக்கு அந்தப் பக்கம் கொளஞ்சியின் மகள் மூட்டையைப் போட்டுவிட்டு மண்ணில் விழுந்து கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை.

பிறகு சித்தியை மரத்தடிக்கு இழுத்துப்போய், உச்சிமுடியை ஆணியில் சுற்றி அறைந்து, அரிவாளால் அறுத்தார்கள்.

அன்று பின்வாங்கிய அந்த கான்ஸ்டபிளும் கூட்டத்தில்தான், நெற்றி நிறைய விபூதியோடு கைகூப்பி நின்றிருந்தார். அவர் போய் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "பேய் சொன்னத நான் எந்தக் கோர்ட்டுலய்யா சாட்சின்னு கொண்டுபோயி நிறுத்துவேன்?" என்றாராம். வாக்குமூலம் வாங்க அவர் வந்தபோது, சித்தி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றாள். பேய் இறங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேஸ் சில வருஷம் இழுத்து, சாட்சி இல்லையென்று ஒன்றுமில்லாமல் போனது. சத்தியம் மட்டும் நின்றது. கொளஞ்சியின் மகள் அதே குடிசையில் இருந்து அந்தப் பிள்ளைகளை வளர்த்தாள். ஊரில் அவளை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல ஆளில்லை, பயம்.

என் அம்மா சாகிறவரைக்கும் அன்று பேசியது கொளஞ்சிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வளர்ந்து, எனக்கும் பிள்ளை பிறந்து, பால் கட்டிக்கொண்ட வலி தெரிந்த பிறகு ஒருநாள் எனக்கு விளங்கியது. அன்று அந்த மரத்தடியில் சித்தியைத் தவிர வேறு யாருமே இல்லை. அத்தனை அடியையும் அவள் உடம்புதான் வாங்கியது. அவள் பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும், எடுபடுகிற பேரைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். போலீஸிடம் ஞாபகமில்லை என்று சொல்லி, வாங்கிய சத்தியம் உடையாமல் பார்த்துக்கொண்டாள். அதற்கு விலையாக ஊர் அவளைக் கடைசிவரை பேய் பிடித்தவள் என்றது. சித்தப்பாவோடு அவள் அதே வீட்டில் வாழ்ந்தாள், சோறு போட்டாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவள் இப்போது இல்லை. இதை அவளிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதெல்லாம் பிறகு. அன்றைக்குக் கோயிலிலிருந்து திரும்பும்போது வண்டியில் சித்திக்குப் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் முதலில் மாட்டேன் என்று அழுதேன். பேய்தான் போய்விட்டதே, இனி உன் சித்திதான் என்று அம்மா தூக்கி உட்கார வைத்தார். சித்தப்பா வண்டிக்கு முன்னால் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தார். சித்தியின் உச்சந்தலையில் முடி இல்லாத இடம் சிவந்திருந்தது. முதுகு படாமல் வண்டியின் கம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். வெயில் தாழ்ந்து, முந்திரிக்காடு கண்ணில் படத் தொடங்கியது. எனக்குப் பயம் மெதுவாக விட்டுப்போயிற்று. அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், பழைய சித்தியின் கைதான்.

"கொளஞ்சி போயிட்டான்ல சித்தி? அப்புறம் ஏன் அழுவுற?"

சித்தி முன்னால் நடந்துபோகும் சித்தப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது போயிருச்சுடி. நான் எங்க போறது?"

"நம்ம வூட்டுக்குத்தான் சித்தி. வண்டி அங்கதான போவுது" என்றேன். பதில் தெரிந்த கேள்வியாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம்.